அலமாரியாக இருந்த லாரி

பேக்கரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் லாரி. இருபத்திரண்டு வருஷமாக அது அங்கேதான் நின்றது. பேக்கரிக்காரம்மாவுக்கு அது ஒரு பெரிய அலமாரி. முன்சீட்டில் ஈஸ்ட் டப்பாக்கள், ஏனென்றால் அங்கே வெயில் படாது. சீட்டுக்குக் கீழே எலிப்பொறி. பின்னால் சரக்கு ஏற்றும் தட்டில் நெளிந்துபோன ரொட்டித் தகரங்கள், ஓட்டை விழுந்த மாவுச் சல்லடை, கால் போன இரண்டு நாற்காலி என்று, எதற்காவது ஆகும் என்று எடுத்து வைத்து எதற்கும் ஆகாமல் போன சாமான் அத்தனையும். "அது லாரியில இருக்கு" என்று அந்த வீட்டில் யாராவது சொன்னால், இனிமேல் அதைத் தேடாதே என்று அர்த்தம்.

ராணுவம் கழித்துப் போட்ட வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். மாமனார் அதை ஏலத்தில் எடுத்து வந்து மலையிலிருந்து மரம் இறக்கினார். அவர் கண்ணை மூடியதும் மரத் தொழிலும் மூடியது. அவருடைய மகன், பேக்கரிக்காரம்மாவின் கணவர், ரொட்டி அடுப்பைக் கட்டிக்கொண்டு, லாரியைக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

சாத்தினாலும் வண்டியைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. வெள்ளம் வந்த வருஷம் ஊருக்காக நாற்பது மாவு மூட்டையோடு ஆற்றைக் கடந்து அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்தது தான்தான் என்று பன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கல்யாணமான புதிதில் பேக்கரிக்காரம்மா கேட்டபோது ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரைக்கும் இருந்தது. பத்து வருஷத்தில் விளக்கைத் தொட்டது. போன வருஷம் ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் விட்டால் அவர் மீனோடு மீனாக வந்து கரையேறியிருப்பார்.

அந்த வருஷம் பேக்கரிக்குக் காலம் சரியில்லை. கண்ணாடித்தாள் சுற்றிய தொழிற்சாலை ரொட்டி எல்லாக் கடைகளிலும் தொங்க ஆரம்பித்திருந்தது. நாளைக்கு மூன்று தடவை நிரம்பிய அடுப்பு ஒரு தடவைக்கே பாதி காலியாக இருந்தது. மாலையில் மீந்த ரொட்டியை ரஸ்க்காக்கி, ரஸ்க்கும் மீந்து, வீட்டில் மூன்று வேளையும் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இப்படி இருக்கும்போதுதான் மலைமேல் சுரங்கப்பாதை தோண்டுகிற முகாமிலிருந்து ஸ்டோர்காரர் கடைக்கு வந்தார். ஒரு ரொட்டியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிய்த்து வாயில் போட்டார்.

"தினம் முந்நூறு வேணும். காலையில ஏழு மணிக்குள்ள மேல வந்துடணும். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை ஆரம்பம்" என்றார்.

"வந்துடும்" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"எப்படிம்மா வரும்? ரோடு பூரா சேறு. நடுவுல ஒரு ஓடை. எங்க ஜீப்பே வாரத்துல ரெண்டு நாள் சேத்துல படுத்துக்குது. உங்க வேன் அடிவாரத்தைத் தாண்டாது. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. தொழிற்சாலைக்காரன் டிராக்டர் வச்சு அனுப்பறேங்கறான்."

"எங்ககிட்ட நாலு சக்கரமும் இழுக்கற லாரி இருக்குங்க."

பன் அடுக்கிக்கொண்டிருந்த கணவர் கையிலிருந்து இடுக்கி நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைச் சந்தோஷத்தில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே மெக்கானிக் வந்தார். அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் முதலில் ஒரு ஸ்டூல் கேட்டார். லாரிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஓடுமா?" என்றாள் அவள்.

"அக்கா, இருபத்திரண்டு வருஷம் தூங்கின ஆளைத் தட்டி எழுப்பி உடனே ஓடுன்னா ஓடுவானா? முதல்ல கை கால் அசையுதான்னு பாக்கணும். அதுக்கு முன்னாடி இந்த டப்பாவையெல்லாம் எடுங்க."

அலமாரியைக் காலி செய்யவே ஒரு நாள் ஆயிற்று. எட்டு வருஷத்துக்கு முன் தொலைந்துபோன இட்டாலியன் கத்தரிக்கோல் கிடைத்தது. வேலையை விட்டுப் போன அடுப்புக்காரன் திருடிவிட்டான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்த தராசுத் தட்டும் கிடைத்தது. அதை மட்டும் யாருக்கும் தெரியாமல் மாவு மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நிதானம் ஆறு பிளக்கையும் கழற்றி, துளைகளில் எண்ணெய் ஊற்றி, "தினம் காலையிலயும் சாயங்காலமும் இந்தக் கைப்பிடியை முன்னால சொருகிச் சும்மா அழுத்திப் பாருங்க. அடிக்காதீங்க, திட்டாதீங்க. அதுவா இளகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாவு பிசைந்து உரமேறிய கை அவளுக்கு. அழுத்தினாள். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் திட்டினாள். ஐந்தாம் நாள் விடிகாலையில், முதல் அடுப்பு ஏற்றிவிட்டு வந்து அழுத்தியபோது, கெட்டியான மாவுக்குள் விரல் இறங்குகிற மாதிரி கைப்பிடி மெல்ல ஒரு கால் வட்டம் கீழே போனது. அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த நாத்தனார் எழுந்துவிட்டாள்.

நாத்தனார், கணவருக்கு அக்கா. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் லைன் கொடுத்து ரிட்டயரானவள். மூட்டுவலி வந்த பிறகு மாடி அறையை விட்டு அதிகம் இறங்க மாட்டாள். இறங்க வேண்டிய அவசியமும் இல்லை, அவள் குரல் தானாகவே எல்லா இடத்துக்கும் போய்வரும்.

"என்னம்மா, திருடனா?"

"இல்ல அண்ணி, லாரி சுத்துது!"

மாடியில் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "அவன்கிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னாள். அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. "டயர் கிடைக்காது" என்றார். நிதானம் பழைய டிராக்டர் கடையில் நாலு டயர் பிடித்து வந்தார். "எலி ஒயரை எல்லாம் தின்னிருக்குமே" என்றார் கணவர். புது ஒயர் இழுத்தார்கள். பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி, கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினார்கள். கார்புரேட்டரைப் பிரித்து ரொட்டித் தட்டில் பரப்பி, ஒவ்வொரு துளையிலும் நிதானம் வாயால் ஊதினார். எல்லாம் முடிந்தபிறகு பார்த்தால் தீப்பொறி வரவில்லை. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டப்பாவின் மூடியைத் திறந்த நிதானம் தலையைச் சொறிந்தார்.

"ரோட்டரைக் காணோம் அக்கா. கட்டைவிரல் அளவு இருக்கும். நேத்து பாத்தேன், இதுக்குள்ளதான் இருந்துச்சு. இந்த வண்டிக்கு அது இப்ப எங்கயும் கிடைக்காது."

"ஐயையோ, அப்ப அவ்வளவுதான்" என்றார் கணவர், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். "விடுங்க. நம்ம கையில என்ன இருக்கு?"

அன்று சாயங்காலம் துணி துவைக்கும்போது அது கிடைத்தது. கணவரின் சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டு இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, அப்பாவின் வண்டி சேற்றில் அடிபடுவதைப் பார்க்க மனுஷனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது. அடுப்பு காலியாக இருப்பதை நினைத்ததும் அந்தப் பாவம் வடிந்துவிட்டது. மறுநாள் நிதானத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எங்கக்கா கிடந்துச்சு?"

"துவைக்கற இடத்துல."

பக்கத்தில் நின்ற கணவர் கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கூரை நன்றாகத்தான் இருந்தது.

ஸ்டார்ட் செய்கிற நாள் வந்தது. பிரேக் வேலை இன்னும் பாக்கி. ஆனாலும் எஞ்சின் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்றார் நிதானம். எங்கிருந்தோ பாட்டரி கடன் வாங்கி வந்திருந்தார். எதிர்வீட்டு டெய்லர், அவர் மனைவி, பன் வாங்க வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, உங்க வண்டி. நீங்கதான் உக்காரணும்" என்றார் நிதானம்.

"எனக்கு எதுக்கு, நீங்களே..."

"ஆத்துல ஓட்டின ஆளு, இப்படிக் கூச்சப்படறீங்களே!" என்றார் டெய்லர்.

கணவர் ஏறி உட்கார்ந்தார். நிதானம் பானட்டைத் தூக்கிப் பார்த்து மூடிவிட்டு, ஜன்னல் வழியாக எக்கித் தானே கைவிட்டுச் சுவிட்சைப் போட்டார். "நியூட்ரல்ல இருக்கா அண்ணே?" கணவர் கியர்க்கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். அது ஆடியது. "இருக்கு, இருக்கு." "எதுக்கும் கிளட்சையும் மிதிச்சுக்கங்க. வலது காலால அந்த ஸ்டார்ட்டர் குமிழை அமுக்குங்க."

அமுக்கினார். லாரி ஒரு முனகல் முனகியது, இரண்டு தடவை இருமியது, கொட்டகையே கறுத்துப்போகிற மாதிரி ஒரு புகை விட்டது. விட்டு, பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கை நிற்பதற்குள் லாரி புறப்பட்டுவிட்டது.

இருபத்திரண்டு வருஷத்தில் கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு மிதித்தும் பயனில்லை. கியரோ நியூட்ரலில் இல்லை. மலை ஏறுவதற்கான ஆகச் சின்னக் கியரில் விழுந்திருந்தது. அதனால் லாரி ஓடவில்லை, நடந்தது. சாப்பிட்டுவிட்டுக் காலாற உலாவப் போகிறவர் வேகத்தில் கொட்டகையை விட்டு இறங்கி, முற்றத்தைக் கடந்து, டெய்லர் காயப்போட்டிருந்த பதினோரு கால்சட்டைகளைக் கொடியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது. கூட்டம் மொத்தமும் கூடவே நடந்தது.

"பிரேக் பிடிங்க!" என்றார் ஒருவர்.

"பிரேக் இன்னும் போடலைங்க" என்றார் நிதானம், நகர்கிற வண்டிக்குள் கை எட்டாமல் பக்கத்தில் நடந்தபடி. "அண்ணே, சுவிட்சை அணைங்க."

"எந்தச் சுவிட்சு?" கணவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி கேட்டார். ஒரு கால்சட்டை பானட் மேல் ஏறிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஓட்டின வண்டிதானே அண்ணே?"

"எங்கய்யா இருக்கு? கண்ணே தெரியல!"

"என் கால்சட்டை! கல்யாண மாப்பிள்ளைக்குத் தச்சது!" என்று டெய்லர் கத்தினார்.

பேக்கரிக்காரம்மா படியில் தொற்றி ஏறப் பார்த்தாள். படி துருப்பிடித்திருந்ததால் கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் மாடி ஜன்னல் திறந்தது. முப்பது வருஷம் டிரங்க்கால் பேசிய குரல் தெருவின் மேலே பாய்ந்தது.

"டேய்! இடது முழங்காலுக்கு மேல! வட்டமா, பித்தளையில இருக்கும்டா! வலது பக்கம் திருப்பாத, இடது பக்கம் திருப்பு! ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடு மடையா!"

கணவர் தடவினார். திருப்பினார். எஞ்சின் அணைந்து, தெருக்கோடியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் மூக்கை வைத்து லாரி நின்றது. எல்லோரும் முதலில் லாரியைப் பார்த்தார்கள். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு கணவரைப் பார்த்தார்கள். பன் வாங்க வந்த ஒருவர் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவரைக் கிள்ளினாள்.

கணவர் வீட்டுக்குள் வந்து சமையலறை மூலையில் உட்கார்ந்தார். பேக்கரிக்காரம்மா தேநீரும் ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்தாள். நாத்தனார் கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் 'அம்மா' சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அப்ப ஆத்துல ஓட்டினது..." என்றாள் பேக்கரிக்காரம்மா.

"அக்காதான்" என்றார் அவர், தேநீரைப் பார்த்து. "அப்பா என்னை ஸ்டீயரிங் பக்கமே விட்டதில்ல. எனக்குக் கை நடுங்கும்னு சொல்வார். நான் பின்னால மூட்டை மேல உக்காந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டுதான் இருந்தேன்."

"ரோட்டர்?"

"ஸ்டார்ட் ஆனா என்னைத்தானே ஓட்டச் சொல்லுவீங்க!"

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?"

"எங்கம்மா சொல்றது? உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, உங்கப்பா முன்னாடி முதமுதலா அளந்துவிட்டான். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அங்க போட்டு உடைச்சா, பொண்ணு கொடுப்பாங்களா? சரி, கல்யாணம் முடியட்டும்னு விட்டேன். அப்புறம் அவன் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகம் வந்திடுச்சு, ஒருவேளை இவன்தான் ஓட்டினானோன்னு."

பேக்கரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை. நாத்தனாரும் சிரித்தாள். அவர் மட்டும் கொஞ்ச நேரம் ரோஷமாக உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு ரஸ்க்கை நனைத்தார்.

"சரி, திங்கட்கிழமைக்கு யார் ஓட்டறது?" என்றாள் அவள்.

நாத்தனார் தன் முழங்காலைத் தட்டினாள். "அந்தக் கிளட்சு கல்லு மாதிரி. இந்தக் காலால ஒரு தடவைகூட மிதிக்க முடியாது. அவன்தான் ஓட்டணும். நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

"வேன் ஓட்டறேன் இல்ல?" என்றார் அவர் மெல்ல. "அதே மாதிரிதானே இருக்கும்?"

பேக்கரிக்காரம்மா இன்னொரு ரஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மிச்சமிருந்த நாட்களில் நிதானம், தன் பெயருக்கே ஆகாத வேகத்தில் வேலை செய்தார். பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டார். கிளட்ச் மிதியைக் கட்டையால் முட்டுக்கொடுத்து, வண்டியை முன்னும் பின்னும் உலுக்கி உலுக்கி ஒட்டியதைப் பிரித்தெடுத்தார். கணவர் தினமும் மாலையில் கொட்டகை முற்றத்திலேயே பத்தடி முன்னால், பத்தடி பின்னால் போய்ப் பழகினார். டெய்லர் கொடியை வேறு பக்கம் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிகாலை முந்நூறு ரொட்டியைச் சூடு தணிந்ததும் தட்டுகளில் அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். முன்சீட்டில் மூன்று பேர்: ஸ்டீயரிங்கில் அவர், நடுவில் நாத்தனார், ஓரத்தில் பேக்கரிக்காரம்மா. மழை தூறிக்கொண்டிருந்தது. அடிவாரம் வரைக்கும் தார்ரோடு, அதில் தொல்லையில்லை. சேறு ஆரம்பித்த இடத்தில் லாரி பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நின்றது.

"முன் ஆக்சிலைப் போடு, முன்சக்கரமும் இழுக்கும்" என்றாள் நாத்தனார். "இந்தக் கம்பியை முன்னால தள்ளு."

"அது இல்லக்கா. இதைப் பின்னால இழுக்கணும். அப்பா இழுப்பாரு, நான் பாத்திருக்கேன்."

"நீதான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தியே!"

"ஆத்துலதான் மூடினேன், எப்பவுமா மூடினேன்?"

தள்ளினார்கள். கடகடவென்று பல் உரசியது. இழுத்தார்கள். வண்டி ஒரு சாண் இன்னும் கீழே இறங்கியது. பின்னால் ஏதோ தட்டு சரிகிற சத்தம் கேட்டது. பேக்கரிக்காரம்மாவுக்கு முந்நூறு ரொட்டியும் நசுங்கிக் கிடப்பது கண்ணில் தெரிந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

ஈஸ்ட் டப்பாக்களை எடுத்தபோது முன்பலகையில் ஒரு தகடு இருந்ததை அவள் பார்த்திருந்தாள். ரொட்டி மூடுகிற துணியின் நுனியை எச்சில் தொட்டு அந்தத் தகட்டைத் தேய்த்தாள். அழுக்குக்கு அடியில் கோட்டுப்படம் வந்தது. இரண்டு கம்பி, அம்புக்குறி, எண்கள்.

"முதல்ல இந்தச் சின்னதை முன்னால. அப்புறம்தான் அதைப் பின்னால. ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி. கிளட்சை மிதிங்க."

மிதித்தார். அவளே இரண்டு கம்பியையும் போட்டாள். அவர் கிளட்சை விட்டதும் முன்சக்கரம் சேற்றைக் கவ்வியது. லாரி உறுமவில்லை, பாயவில்லை. இழுத்துவைத்த மாவு மாதிரி நீண்டு நீண்டு மேலே ஏறியது. ஓடை வந்தது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. நடு ஓடையில் அவர் கண்ணை மூடுகிறாரா என்று பேக்கரிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உதடு ஏதோ முணுமுணுத்தது. உற்றுக் கேட்டாள். "நல்ல வண்டி, நல்ல வண்டி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முகாமுக்குப் போனபோது ஏழு மணி அடிக்க நாலு நிமிஷம். பதினேழு ரொட்டி நசுங்கியிருந்தது. ஸ்டோர்காரர் நசுங்கினதை எடுத்துப் பார்த்தார். அவர் ஏதும் சொல்வதற்குள், வரிசையில் நின்ற தொழிலாளி ஒருவர் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்கும் வந்துடுமா?" என்றார் ஸ்டோர்காரர்.

பேக்கரிக்காரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை, விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"வரும்" என்றார் அவர்.

இறங்கும்போது மழை விட்டிருந்தது. நாத்தனார் தம்பி தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். சேறு முடிந்து நல்ல தார்ரோடு வந்தது. லாரி அதே வேகத்தில், தெருவில் கால்சட்டைகளை அள்ளிக்கொண்டு போன வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு ஹாரன். பிறகு எண்ண முடியவில்லை.

"ஏங்க, இனிமே ரெண்டாவது கியர் போடலாமே."

அவர் கியர்க்கம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார். "எதுக்கு? இதுலயே நல்லாத்தானே போகுது."

"பின்னால எட்டு வண்டி நிக்குது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். உடனே பயந்து ரோட்டைப் பார்த்தார். "மாத்தினா நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

"அப்ப இதுலயே போங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

சொல்லிவிட்டு, மாவு ஒட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களை முந்திப் போகச் சொல்லி ஆட்டினாள். முதலில் முந்திக்கொண்டு போனது ஒரு சைக்கிள்.